சுழி பார்க்கும் சந்தையில் சினைப்பையை யார் பார்ப்பது?

ஆடி மாதம் வந்தால் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் திருவிழா களைகட்டிவிடும். அதையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தை தென்னிந்தியா முழுக்கப் பேர் பெற்றது. மாடுகளோடு குதிரைகளும் வரும். மார்வாரி, கத்தியவாரி என்று வடக்கத்தி இனங்களைக்கூட அங்கே பார்க்கலாம்.

குதிரை வாங்க வருகிறவர் முதலில் என்ன பார்க்கிறார்? சுழி! நெற்றியில் எத்தனை, கழுத்தில் எத்தனை, அது ராஜ சுழியா, ஆகாத சுழியா என்று பார்க்கிறார். அடுத்து வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயசைக் கணிக்கிறார். பிறகு நிறம், உயரம், நடை. எல்லாம் பிடித்துப்போய், பெரிய தொகை கைமாறி, குதிரை லாயத்துக்கு வந்து சேர்கிறது. சில பேருக்கு அதற்கப்புறம்தான் தலைவலி ஆரம்பம்.

"இது எப்பப் பார்த்தாலும் பருவத்துலயே நிக்குதுங்க. வாலைத் தூக்குது, சொட்டுச் சொட்டா மூத்திரம் விடுது, சேணம் வைக்கப் போனா உதைக்குது..."

இப்படிப் புலம்புகிறவருக்கு இலவச ஆலோசனை ஏராளமாகக் கிடைக்கும். "சினைப்பையில கட்டி இருக்கும், ஹார்மோன் ஊசி போடுங்க" என்பார் ஒருவர். "ஒரு குட்டி போட்டா சரியாப் போயிடும்" என்பார் இன்னொருவர். "பேசாம வித்துடுங்க" என்பார் மூன்றாமவர். பெரும்பாலும் மூன்றாமவர் சொன்னதே நடக்கும். அடுத்த சந்தையில் அந்தக் குதிரை நிற்கும். புதிதாக வாங்குபவரும் சுழியைத்தான் பார்ப்பார்!

இந்தச் சங்கிலி அறுபட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். "எப்போதும் பருவத்தில் இருக்கிறது" என்பது ஒரு புகார்தான். அதையே நோயின் பெயராக எடுத்துக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது.

வலையில் மீன் இல்லையென்றால்...

பழவேற்காடு ஏரிக்கரையில் பசியாவரம் என்று ஒரு மீனவர் ஊர். அங்கே யாரும் குதிரை வளர்த்துப் பிழைப்பதில்லை. ஆனால் இந்த விஷயத்தை அந்த ஊர் மீனவருக்குச் சுலபமாகப் புரியவைத்துவிடலாம். ஒரு வாரமாக இறால் படவில்லை என்றால் அவர் உடனே வலையைத் தூக்கி எறிந்துவிட மாட்டார். கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரம் தூர்ந்துபோய்விட்டதா, மழைத் தண்ணீர் வந்து உப்பு குறைந்துவிட்டதா, காற்று மாறிவிட்டதா, வலை கிழிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக யோசிப்பார். படவில்லை என்பது ஒரே அறிகுறி. அதற்குக் காரணம் பல இருக்கலாம்.

குதிரையும் அப்படித்தான். வாலைத் தூக்குவது ஒரு அறிகுறி, அவ்வளவே.

இயல்பான கணக்கு என்ன?

பெண் குதிரையின் சுழற்சி ஏறக்குறைய 21 நாள். அதில் 5 முதல் 7 நாள் பருவம். அந்த நாட்களில் ஆண் குதிரையைக் கண்டால் ஒதுங்காமல் நிற்கும், வாலை உயர்த்தும், பின்னங்காலை அகட்டிச் சிறுநீர் விடும். பருவம் முடிய ஓரிரு நாள் இருக்கும்போது கருமுட்டை வெளியேறும். பிறகு இரண்டு வாரம் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனின் ஆட்சி. அப்போது ஆண் குதிரை பக்கத்தில் வந்தால் காதை மடக்கி உதைக்கும்.

குதிரை, பகல் நீளும் காலத்தில் இனப்பெருக்கம் செய்யும் விலங்கு. குளிர்காலத்தில் பல குதிரைகளின் சினைப்பை ஓய்வெடுக்கும். பகல் நீளத் தொடங்கும்போது ஓர் இடைக்காலம் வரும். சினைப்பையில் நீர்க்குமிழ் போன்ற முட்டைப்பைகள் பல வளர்ந்து வளர்ந்து சுருங்கும், ஆனால் முட்டை வெளியேறாது. புரோஜெஸ்டிரோன் சுரக்காததால் வாரக்கணக்கில் பருவ அறிகுறி நீடிக்கும். இது நோயே இல்லை! முதல் முட்டை வெளியேறியதும் தானாகச் சீராகிவிடும்.

தமிழ்நாட்டில் இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். ராஜஸ்தானின் ஜோத்பூரில் அது மூன்று மணி நேரத்துக்கு மேல். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இந்தப் பருவகால மாற்றம் மங்கும். ஆகவே வடக்கிலிருந்து வந்த குதிரைக்கும் இங்கேயே பிறந்து வளர்ந்த குதிரைக்கும் ஒரே அளவுகோலை வைக்கக் கூடாது. குதிரை எந்த ஊர், எந்த மாதம் வந்தது என்பதே நோய் கண்டறிவதில் முதல் கேள்வி.

மாட்டு அறிவைக் குதிரைக்குப் பொருத்துவது

நம் ஊர்களில் கால்நடை என்றால் மாடுதான். கறவை மாடுகளுக்கு சினைப்பை நீர்க்கட்டி சகஜம். அதனால் சில மாடுகள் ஓயாமல் பருவ அறிகுறி காட்டும், ஹார்மோன் ஊசியில் குணமாகும். இதை ஊரே அறியும். அதே அறிவை அப்படியே குதிரை மேல் ஏற்றுவதில்தான் வினை.

குதிரையின் சினைப்பை அமைப்பே வேறு. மாட்டுக்குச் சினைப்பையின் மேற்பரப்பில் எங்கே வேண்டுமானாலும் முட்டை வெளியேறலாம். குதிரைக்கு ஒரே ஒரு குழி வழியாகத்தான் வெளியேறும். மாட்டுக்கு வரும் அந்த நீர்க்கட்டி நோய் குதிரைக்கு அதே வடிவில் வருவதில்லை. இடைக்காலத்தில் தெரியும் பெரிய முட்டைப்பைகளைக் கட்டி என்று தவறாக எண்ணி ஊசி போடுவதுதான் அடிக்கடி நடக்கக்கூடியது.

நிஜமாகவே சினைப்பையில் வரும் கோளாறு ஒன்று உண்டு. கிரானுலோசா செல் கட்டி என்று பெயர். குதிரையின் சினைப்பையில் வரும் கட்டிகளில் இதுதான் அதிகம். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் வரும், பெரும்பாலும் உடலில் வேறெங்கும் பரவாது. கட்டி உள்ள பக்கம் பெருக்கும், மறுபக்கச் சினைப்பை சுருங்கி வேலை நிறுத்தம் செய்யும். சில குதிரைகள் ஓயாமல் பருவ அறிகுறி காட்டும், சில பருவத்துக்கே வராது, சில ஆண் குதிரை போலவே முரட்டுத்தனம் செய்யும். ஒரே கட்டிக்கு மூன்று முகம்! நடத்தையை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

பிரச்சினை சினைப்பையிலேயே இல்லாமலும் இருக்கலாம்

சிறுநீர்ப்பையில் கல் இருந்தாலும் அழற்சி இருந்தாலும் குதிரை சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விடும். பிறப்புறுப்பின் உதடுகள் சரியாக மூடாமல் காற்று உள்ளே போனால் எரிச்சலில் வாலைத் தூக்கும். முதுகு வலி, பொருந்தாத சேணம், வயிற்றுப் புண் என்று எது இருந்தாலும் சேணத்தைக் கண்டால் உதைக்கும். இன்னொரு வகையும் உண்டு. பயந்த சுபாவமுள்ள இளம் குதிரை, அடிக்குப் பயந்து பணிவதன் அடையாளமாகவே குனிந்து சிறுநீர் விடும். அதைப் பருவம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு அடி போட்டால் என்ன ஆகும்? இன்னும் அதிகமாக விடும்!

சினைப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்ற எண்ணமும் பாதி உண்மைதான். இரண்டு சினைப்பைகளையும் எடுத்த பிறகும் சில குதிரைகள் பருவ நடத்தையை விடுவதில்லை. அட்ரீனல் சுரப்பியிலிருந்தும் பால் ஹார்மோன்கள் வருகின்றன, அடக்கிவைக்கும் புரோஜெஸ்டிரோனோ இருக்காது. காரணம் தெரியாமல் கத்தி வைப்பது எவ்வளவு வீண் என்று யோசித்துப் பாருங்கள்.

எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

செலவு குறைந்ததிலிருந்து செலவு கூடியதை நோக்கிப் போவதே நியாயம்.

முதலாவது, ஒரு நோட்டுப் புத்தகம். தினமும் ஒரே நேரத்தில் குதிரையின் நடத்தையைக் குறித்துவர வேண்டும். ஆண் குதிரை பக்கத்தில் இருக்கும்போது எப்படி, சேணம் வைக்கும்போது எப்படி, தனியாக நிற்கும்போது எப்படி? இரண்டு சுழற்சி, அதாவது ஆறு வாரம் குறித்தால் போதும். "எப்போதும்" என்று சொன்னது பல நேரங்களில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று தெரியவரும்.

இரண்டாவது, சினையா இல்லையா என்று பார்ப்பது. சந்தையில் வாங்கிய குதிரை ஏற்கனவே சினையாக இருக்கலாம். சினைக் காலத்தில் டெஸ்டோஸ்டிரோனும் இன்ஹிபினும் தானாகவே உயரும். இதைப் பார்க்காமல் ஹார்மோன் பரிசோதனை செய்தால் இல்லாத கட்டியை இருப்பதாக நினைக்க நேரிடும்.

மூன்றாவது, கால்நடை மருத்துவரின் நேரடிப் பரிசோதனை. பிறப்புறுப்பு, சிறுநீர், முதுகு, பிறகு மலக்குடல் வழியாகச் சினைப்பையைத் தொட்டுப் பார்ப்பதும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும். ஒரு சினைப்பை பெருத்துத் தேன்கூடு போலத் தெரிந்து, மற்றது சிறுத்திருந்தால் சந்தேகம் வலுக்கும். ஒரே ஸ்கேனில் முடிவெடுக்காமல் சில நாள் இடைவெளியில் மறுபடி பார்க்க வேண்டும். முட்டைப்பை மாறும், கட்டி அப்படியே இருக்கும்.

நான்காவது, ரத்தம். வாரத்துக்கு ஒரு முறை, நான்கு வாரம் புரோஜெஸ்டிரோன் பார்க்கலாம். மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்கு மேல் ஒரு முறை வந்தாலும் முட்டை வெளியேறியிருக்கிறது என்று பொருள். அப்படியானால் அது "எப்போதும் பருவத்தில்" இல்லை, காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். கட்டி என்ற சந்தேகம் இருந்தால் இன்ஹிபின், டெஸ்டோஸ்டிரோன், எல்லாவற்றுக்கும் மேலாக ஆன்டி முல்லேரியன் ஹார்மோன். இப்போது அதிகம் நம்பப்படுவது கடைசியாகச் சொன்னதுதான். கட்டி உறுதியானால் அந்த ஒரு சினைப்பையை மட்டும் எடுப்பார்கள். மறுபக்கம் பல மாதங்கள் கழித்து விழித்துக்கொள்ளும், குதிரை மீண்டும் குட்டி ஈனும்.

"இத்தனை செலவா?"

நியாயமான கேள்விதான். ஒரு வணிகவியல் கணக்காகவே பார்க்கலாம். மூன்று சுழற்சியைக் குருட்டு வைத்தியத்தில் கழித்தால் 63 நாள் தீவனம் போச்சு. குதிரையின் சினைக்காலம் சுமார் 11 மாதம். ஒரு பருவகாலம் தவறினால் ஒரு குட்டியே தவறுகிறது. நஷ்டத்துக்கு விற்றால் மீதியும் போச்சு. ஒரு நோட்டும் ஒரு ஸ்கேனும் இதைவிட அதிகமாகவா செலவு வைக்கும்?

பெரிய நஷ்டம் இன்னொன்று. 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாது என்றால், நல்ல சரக்குக்கும் நல்ல விலை கிடைக்காமல் சந்தையே கெட்டுப்போகும் என்றார். 2001-இல் நோபல் பரிசு பகிர்ந்துகொண்டார். குதிரைச் சந்தைக்கு இது அச்சாகப் பொருந்தும்.

இது நமக்குப் புதிதும் இல்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதாகவும், பராமரிக்கத் தெரியாததால் ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கே வராமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும்! வாங்குபவரின் அறியாமையே விற்பவரின் முதல்.

இன்று வைத்தியர் வருவதை யாரும் தடுக்கவில்லை. 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. அந்தியூர் பக்கத்து ஆட்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம். ஹிசாரில் குதிரைகளுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இருந்தும் சந்தைக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே பாலம் இல்லை.

அந்தப் பாலத்துக்குப் பெரிய செலவு ஆகாது. சந்தை நாட்களில் ஒரு ஸ்கேன் கருவியோடு ஒரு மருத்துவக் குழு அங்கே உட்கார வேண்டும். விலை பேசும் பெண் குதிரைக்குச் சினை நிலை, சினைப்பை நிலை இரண்டையும் எழுதி ஒரு சான்று தர வேண்டும். மனிதருக்கான ஆய்வக அளவை அப்படியே குதிரைக்குப் பொருத்த முடியாது என்பதால், குதிரைக்கென்று சரிபார்த்த ஹார்மோன் பரிசோதனையை அரசுப் பல்கலைக்கழகமே கட்டணத்துக்குச் செய்து தரலாம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் குதிரையும் மட்டக்குதிரையும் சேர்ந்து 3.4 லட்சம்தான். அதற்கு முந்தைய 2012 கணக்கோடு ஒப்பிட்டால் 45 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. குறைந்துகொண்டே போகும் இனத்தில் குட்டி போடக்கூடிய ஒரு பெண் குதிரையை "ராசியில்லாதது" என்று ஒதுக்குவது யாருக்கு லாபம்?

சுழி பார்க்கட்டும், தப்பில்லை. அது அவரவர் நம்பிக்கை. ஆனால் நெற்றியில் உள்ள சுழியால் குதிரைக்கு வலிப்பதில்லை. வலிக்கிற இடம் உள்ளே இருக்கிறது. வாயில்லாத ஜீவன் வாலைத் தூக்கி ஏதோ சொல்கிறது. அது என்ன என்று கேட்டுவிட்டு, பிறகு ஊசியையோ சவுக்கையோ எடுக்கட்டும். கேட்டு முடித்தவருக்கு சவுக்கு தேவைப்படாது!