பேசிக் கேட்க ஒரு ஆள் வேணும்

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தமிழ், தாய்மொழி என்ற பெயரில் நடத்தப்படும் ஒரு வெளிநாட்டு மொழி. கோபம் வருகிறதா? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. ஆங்கிலம் 48.3.

நான் துணைப்பாட வகுப்பு எடுக்கிறவன். என்னிடம் வரும் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேசும் இடமே வகுப்பறைதான். அவர்களுக்குச் செயற்கை நுண்ணறிவை உரையாடல் துணையாகக் கொடுக்கலாம் என்கிறார்கள். கொடுங்கள். கூச்சப்படுகிற பிள்ளைக்கு, நூறு தடவை கேட்டாலும் சலித்துக்கொள்ளாத ஒன்று கிடைப்பது நல்லதுதான். என் கேள்வி வேறு: அது எந்தத் தமிழைக் கொடுக்கிறது?

இந்தக் கருவிகள் எழுத்தைப் படித்து வளர்ந்தவை. இணையத்தில் தமிழே குறைவு. இருப்பதிலும் எழுத்துத்தமிழ்தான் அதிகம். ‘எங்க போற?’ என்று வரவேண்டிய இடத்தில் ‘நீ எங்கு செல்கிறாய்?’ என்று வந்து நிற்கும். அப்படிக் கேட்கிற பாட்டி தேக்காவில் ஒருத்தரும் இல்லை. பேச்சுத்தமிழில் சொல் என்றால் சென்னை சினிமா பேசும். ‘பசியாறிட்டியா?’ என்று அதுவாக் கேட்காது. 2005இல் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் கேட்டது. இத்தனை வருஷம் கழித்து, மேடைத்தமிழை இயந்திரத்தின் வழியாகத் திரும்ப அழைத்து வரப்போகிறோமா?

கட்டுரைத் திருத்தம் இன்னும் மோசம். ‘அம்மா ஏசுனதும் எனக்கு அழுகை வந்துருச்சு’ என்று ஒரு பிள்ளை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘அழகாக்கு’ என்றால் ‘அன்னையின் கடுஞ்சொற்களால் கண்ணீர் சிந்தினேன்’ என்று கையில் கொடுக்கும். திருத்த வேண்டியவை இரண்டே வினைச்சொற்கள். அழிந்ததோ அந்தப் பிள்ளையின் குரல். மதிப்பெண் வரும், மறுக்கவில்லை. அந்த வாக்கியத்தை அது எந்த அம்மாகிட்ட போய்ச் சொல்லும்?

பயிற்சித்தாளை இயந்திரம் தயாரிக்கட்டும், சொற்பட்டியல் போடட்டும். அதில் மிச்சமாகும் நேரத்தைப் பிள்ளைகளோடு பேச ஆசிரியருக்குக் கொடுங்கள்; இன்னொரு அறிக்கை எழுதக் கொடுக்காதீர்கள்.

இதைப் படிக்கிற இளையவர்களுக்கும் ஒன்று. தம்பி தங்கச்சி தமிழில் தடுமாறும்போது உடனே ஆங்கிலத்துக்குத் தாவாதீங்க. சிரிக்கவும் வேணாம். காத்திருந்து கேளுங்க. வீட்டில் கேட்க ஆளில்லாத தமிழை எந்தக் கருவி கற்றுக்கொடுத்தாலும், அது பரீட்சை முடியும் வரைக்கும்தான்.