கடிகாரத்தைப் பார்க்க ஒரு ஆள் இல்லை

பிள்ளைக்கு வலிப்பு வந்தா கையில இரும்பைக் குடுக்கணும்னு எந்த மகராசன் சொல்லிவச்சிட்டுப் போனாரோ, அவரை நேர்ல பார்த்தா நாலு கேள்வி கேட்கணும்.

என் மகனுக்கு இன்னும் ரெண்டு வயசு முடியல. சாயங்காலம் உடம்பு கதகதன்னு இருந்துச்சு. ராத்திரி அனலாக் கொதிச்சு, திடீர்னு கண்ணு மேல சொருகி, கையும் காலும் வெட்டி இழுக்க ஆரம்பிச்சிருச்சு. நான் போட்ட சத்தத்துல தெருவே வீட்டுக்குள்ள வந்துருச்சு. ஒருத்தர் பிஞ்சுக் கையில சாவிக்கொத்தைத் திணிக்கிறார். ஒரு அக்கா வெங்காயத்தை நசுக்கி மூக்குல தேய்க்கிறா. "பல்லு கிட்டிப்போச்சு, கரண்டியைக் குடுங்கடி"ங்கிறாங்க எங்க அத்தை. "இது சீர், மந்திரிச்சாத்தான் நிக்கும்"னு வாசல்ல இருந்து ஒரு குரல். அத்தனை பேரும் பாசத்துல ஓடிவந்தவங்கதான். யாரையும் கோவிக்க முடியாது. அதுதான் இன்னும் கோவமா வருது.

ஏலக்காய்க் காட்டு வேலைக்குப் போற ஊர் இது. ராத்திரி அவசரம்னா எங்களுக்கு ஜீப்தான். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு 2008-லயே வந்துருச்சு. ஆனா கூப்பிட முதல்ல போன்ல டவர் வேணுமே. அப்படியே கிடைச்சாலும் போடியில இருந்து பதினஞ்சு கிலோமீட்டர் மேல வந்து, அதே பதினஞ்சைத் திரும்ப இறங்கணும். அதனால ஜீப்புக்கார அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டி, கொட்டகுடி ஆத்தோரமா வளைவு வளைவா இறங்கி, முந்தல் தாண்டி, போடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். போய்ச் சேர்றப்ப பிள்ளை என் தோள்ல அசந்து தூங்கிட்டு இருக்கு. இழுப்பு எப்பவோ நின்னுபோச்சு.

டியூட்டி டாக்டர் கேட்டார்: "எத்தனை நிமிஷம் இருந்துச்சு? ஒரு பக்கம் மட்டும் இழுத்துச்சா, உடம்பு முழுக்கவா?"

யாருக்குத் தெரியும்? பத்துப் பேர் நின்னோம், கடிகாரத்தைப் பார்க்க ஒருத்தர் இல்ல. "ஏம்மா இவ்வளவு லேட்டு?"ன்னு அடுத்த கேள்வி. அந்த நேரத்துல அழுகை வந்ததா ஆத்திரம் வந்ததான்னு சொல்லத் தெரியல. ரோடு எவ்வளவு நீளமோ அவ்வளவு லேட்டு சார்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு.

அப்புறம்தான் விவரம் சொன்னாங்க. இதுக்குக் காய்ச்சல் வலிப்புன்னு பேரு. ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகள்ல நூத்துக்கு ரெண்டுல இருந்து அஞ்சு பேருக்கு வருமாம். பெரும்பாலும் அஞ்சு நிமிஷத்துக்குள்ள தானா நின்னுரும். ஒரு பக்கமாத் திருப்பிப் படுக்க வைக்கணும். வாயில கரண்டியோ, தண்ணியோ, மாத்திரையோ, எதுவும் வைக்கக் கூடாது. கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்கக் கூடாது. மணியைப் பார்க்கணும். அஞ்சு நிமிஷம் தாண்டினா அது வேற அவசரம். முதல் தடவை வந்தா, நின்னாலும் டாக்டர்கிட்டக் காட்டியே ஆகணும், ஏன்னா மூளைக்காய்ச்சலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். ஒரு தடவை வந்த பிள்ளைகள்ல மூணுல ஒண்ணுக்கு மறுபடி வரலாமாம்.

இதைச் சொல்லி முடிக்க மொத்தம் ரெண்டு நிமிஷம். பிள்ளை பிறந்ததுல இருந்து எத்தனை ஊசி, எத்தனை அட்டை, எத்தனை தடவை எடை பார்த்தாங்க! இந்த ரெண்டு நிமிஷத்துக்கு மட்டும் யாருக்கும் நேரம் வாய்க்கல.

மலையில முதல்ல வந்து நிக்கிறது எப்பவும் பக்கத்து வீடுதான். 2018 மார்ச் 11-ஆம் தேதி எங்க மலையில பிடிச்ச காட்டுத்தீயில மலையேற வந்தவங்க மாட்டிக்கிட்டாங்க. இருபதுக்கும் மேல உயிர் போச்சு. ஹெலிகாப்டர் வர்றதுக்கு முன்னாடி மேல ஏறி, போர்வையில டோலி கட்டி இறக்கினது இந்தச் சுத்துவட்டாரத்து ஆளுங்க. தோளுக்கும் துணிச்சலுக்கும் இங்க பஞ்சமே கிடையாது. அந்தத் தோளுக்கு என்ன செய்யணும்னு சொல்லிக்குடுக்கத்தான் ஆள் இல்ல.

மேல இருக்கிறவங்க பாடு இன்னும் மோசம். எங்களுக்காவது ஜீப் ஓடுற ரோடு இருக்கு. கொழுக்குமலை தேனி மாவட்டம்தான், ஆனா ஜீப்புல போகணும்னா கேரளாவுல சூரியநெல்லி வழியாத்தான் போகணும். டாப் ஸ்டேஷன்ல இருந்து கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டி இறக்க வெள்ளைக்காரன் நூறு வருஷத்துக்கு முன்னாடியே கம்பிவடம் போட்டிருந்தான். நடுவுல இருந்த சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அந்தப் பேரே அதனாலதான். தேயிலைக்குக் கம்பிவடம், சீக்காளிக்கு டோலி.

எங்க மலை மட்டும் இல்ல. 2023 மே மாசம் வேலூர் பக்கம் அல்லேரி மலையில ஒன்றரை வயசுப் பெண் பிள்ளையைப் பாம்பு கடிச்சு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே போயிருச்சு. திரும்பி வர்றப்ப ரோடு முடிஞ்ச இடத்துல ஆம்புலன்ஸ் இறக்கிவிட்டுருச்சு. பெத்தவ உடலைத் தூக்கிட்டு மலையேறி நடந்தா. அந்தச் செய்தியைப் படிச்சப்ப எனக்குப் பிள்ளையே இல்ல.

ரோடு வேண்டாம்னு சொல்ல நான் என்ன பைத்தியமா? ஆனா ரோடு நாளைக்கே தார் போட்டுப் பளபளன்னு ஆனாலும், அஞ்சு நிமிஷத்துல போடியில இருந்து யாராலயும் இங்க வர முடியாது. அந்த அஞ்சு நிமிஷம் எங்க கையிலதான் இருக்கு. புதன்கிழமை ஊசி போட வர்ற நர்ஸம்மா, ஊசிக்கு அப்புறம் காய்ச்சல் வந்தா எந்த மாத்திரை எவ்வளவுன்னு சொல்றாங்கல்ல? அதோட சேர்த்து இதையும் ஒரு பொம்மையை வச்சுச் செஞ்சு காட்டச் சொல்லுங்க. தாய்க்கு மட்டும் போதாது, கிழவிகளையும் ஜீப்புக்காரங்களையும் உக்கார வைங்க. ராத்திரி ஒரு வண்டி ஊர்லயே நிக்கட்டும். டவர் ஒண்ணு சரியா வேலை செய்யட்டும்.

இதையெல்லாம் ஒரு கூட்டத்துல எந்திரிச்சுச் சொன்னேன். எல்லாத்தையும் தலையாட்டிக் கேட்டுக்கிட்டார் மனு எழுதினவர். கையெழுத்துப் போட வாங்கிப் பார்த்தா, "பொருள்: சாலை வசதி வேண்டி."