உயிர் மீண்ட பிள்ளையும் தனித்து நிற்கும் பெற்றோரும்

தற்கொலைக்கு முயன்ற பிள்ளை காப்பாற்றப்பட்டு வீடு திரும்பியதும் ஆபத்து நீங்கிவிட்டதாகவே பலரும் கருதுகின்றனர். உண்மை அதுவல்ல. ஒருமுறை முயன்றிருப்பதே பின்னாளில் தற்கொலை நிகழ்வதற்கான மிகப்பெரிய அபாய அறிகுறி என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். வீடு திரும்பிய முதல் வாரங்களும் மாதங்களும் மிகுந்த கவனத்துக்குரியவை. அக்காலத்தில் பிள்ளையின் அருகிலிருக்கும் பெற்றோருக்கு வழிகாட்டுவார் இல்லை என்பதே நமது கவலை.

ஸ்பிரிங்வெளி போன்ற ஊவாத் தோட்டங்களில் இது மேலும் கடினமானது. நாட்சம்பளத்தை இழக்க முடியாத தாய் உடனேயே கொழுந்து பறிக்கச் செல்ல வேண்டியுள்ளது. லயத்தில் எதுவும் மறைவதில்லை. வளர்ப்பின் மீதே பழி விழுகிறது. பொலிஸ் வழக்கு வருமோ என்ற அச்சமும் வாட்டுகிறது. ஆனால், 1998 ஆம் ஆண்டிலேயே தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, தற்கொலை முயற்சி குற்றமல்ல என்றாகிவிட்டது.

1995 இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். கொடிய பூச்சிகொல்லிகள் தடை செய்யப்பட்டதால் இவ்வீதம் பெருமளவு குறைந்தது. எனினும், குறைந்தது மரணங்களே. முயற்சிகள் அந்த அளவிற்குக் குறையவில்லை. எனவே, உயிர் மீண்டவர்களுக்கான கவனிப்பே அடுத்த கடமையாகும்.

அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கொழும்பு, சென்னை உட்பட ஐந்து நகரங்களில் நடைபெற்று 2008 இல் வெளியான ஆய்வொன்றில், ஒரு மணி நேர ஆலோசனையும் 18 மாதங்களில் ஒன்பது தடவைகள் நலம் விசாரித்தலும் வழங்கப்பட்டோரில் தற்கொலை மரணம் 0.2 வீதமாகவும், ஏனையோரில் 2.2 வீதமாகவும் இருந்தது.

ஆகவே, வைத்தியசாலையை விட்டு அனுப்பும்போதே பெற்றோரைத் தமிழில் அமர்த்திப் பேச வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் தொடர்ந்து வீடு வந்து விசாரிக்க வேண்டும். பெற்றோரும் ஏசுவதையும் குறுக்கு விசாரணை செய்வதையும் தவிர்த்து, மருந்துகளையும் தோட்ட இரசாயனங்களையும் பூட்டி வைத்தல் நன்று. மீண்டும் அவ்வெண்ணம் வருகிறதா என நேரடியாகக் கேட்பது அதனைத் தூண்டிவிடாது. பேசுவதற்கு வழி திறக்கும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தைப் பிள்ளை மட்டுமன்றிப் பெற்றோரும் அழைக்கலாம்.

உயிரை மாய்ப்பதை மதங்கள் விலக்கியுள்ளன. ஆயினும், மீண்டு வந்த பிள்ளையை இகழுமாறு அவை கூறவில்லை. கோயிலும் பள்ளிவாசலும் அக்குடும்பத்தின் கதவைத் தட்டுமாயின், பழிச்சொல் அடங்கும், பெற்றோரும் தலைநிமிர்வர்.