உங்கள் தரப்புள்ளி உங்களுடையதுதானா?

கைப்பேசியில் நால்வர் நால்வராக அணி சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டுகள் இன்று ஊர்தோறும் பரவிவிட்டன. பழவேற்காடு ஏரிக்கரையின் மீனவக் குப்பங்களும் இதற்கு விலக்கல்ல. ஆட்டம் முடிந்ததும் திரையில் ஓர் எண்ணோ, வெள்ளி, தங்கம் என்ற படிநிலையோ தோன்றுகிறது. அதை வைத்துப் பெருமையும் சிறுமையும் பேசுகிறோம். புள்ளி குறைந்த தோழனை, "உன்னைச் சேர்த்தால் தோற்றுப்போவோம்" என்று ஒதுக்கியும் விடுகிறோம். அந்த எண் உண்மையில் எதை அளக்கிறது? அதை நம்பி ஒரு நண்பனை ஒதுக்கலாமா? ஒதுக்கக் கூடாது என்பது என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன், சரிதானா என்று நீங்களே நிறுத்துப் பாருங்கள்.

இந்த எண்ணின் மூதாதை சதுரங்கத்தில் பிறந்தது. 1903-இல் ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராகப் பணியாற்றிய ஆர்ப்பாட் எலோ என்பவர் அதை வகுத்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் அதை ஏற்றுக்கொண்டது. நம் விசுவநாதன் ஆனந்த் 2011-இல் எட்டிய 2817 என்ற எண்ணும் இம்முறைப்படி வந்ததே.

முறை எளியது. ஒருவரின் திறனை நேரடியாக அளக்க அளவுகோல் எதுவும் கிடையாது. இருவர் மோதியதன் முடிவை மட்டுமே நாம் காண்கிறோம். ஆகவே இரு எண்களின் வேறுபாட்டுக்கே இங்கு பொருள் உண்டு. மின்னழுத்தத்தில் வேறுபாடுதான் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதைப் போன்றதுதான் இதுவும். வேறுபாடு 200 எனில், வலியவர் 100 ஆட்டங்களில் சுமார் 76 புள்ளிகள் ஈட்டுவார் என எதிர்பார்க்கலாம். 400 எனில் சுமார் 91. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளிதான் எண்ணைத் திருத்துகிறது. 1500 புள்ளிக்காரர் 1700 புள்ளிக்காரரை வென்றால், திருத்தக் கெழு 20 என்று கொண்டால், அவருக்கு ஏறத்தாழ 15 புள்ளிகள் கூடும். தோற்றாலோ 5 புள்ளிகளே குறையும்.

இது நுட்பமான அளவீடா? எலோவே அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. அலைமோதும் நீரில் மிதக்கும் தக்கையின் இடத்தை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய கோலால் அளப்பதற்கு அவர் இதை ஒப்பிட்டார். வலையின் மிதவையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை.

சதுரங்கத்தில் ஆடுவோர் இருவரே. அணி ஆட்டத்தில் சிக்கல் பன்மடங்காகிறது. நால்வர் சேர்ந்து ஒரு படகைக் கரையேற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். படகு நகர்ந்ததைக் கொண்டு மொத்த விசையைக் கணக்கிடலாம். ஒவ்வொருவரும் எவ்வளவு இழுத்தார் என்று சொல்ல முடியுமா? நான்கு மாறிகள், ஒரே சமன்பாடு! அதே நால்வர் நூறு முறை இழுத்தாலும் அதே சமன்பாட்டை நூறு முறை எழுதுகிறோமே தவிர, விடை கிடைப்பதில்லை. ஆட்களை மாற்றி மாற்றிச் சேர்த்தால்தான் புதிய சமன்பாடுகள் பிறக்கும்.

மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ஹெர்பிரிச், மின்கா, கிரேப்பல் ஆகியோர் 2006-இல் விளக்கிய 'ட்ரூஸ்கில்' முறை இச்சிக்கலை எதிர்கொள்கிறது. அது ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்களை வைத்துக்கொள்கிறது. ஒன்று, திறனின் மதிப்பீடு, தொடக்கத்தில் 25. மற்றது, அம்மதிப்பீட்டின் ஐயப்பாடு; தொடக்கத்தில் 8.33. ஆட்டங்கள் கூடக் கூட ஐயம் குறையும். திறனை ஓரளவு கண்டறிய, இருவர் மோதும் ஆட்டத்தில் சுமார் 12 ஆட்டங்கள் போதும் என்று அவர்கள் கணக்கிட்டனர். நால்வர் கொண்ட இரண்டு அணிகள் மோதினால் 46. எண்மர் கொண்ட அணிகளானால் 91. ஐந்தாறு ஆட்டங்களைப் பார்த்துவிட்டு ஒருவனை 'உதவாதவன்' என்று தள்ளுவது எத்தனை அவசரம் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இனி பழவேற்காட்டுக்கு வருவோம். ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் அருகே, ஓதத்தின் ஏற்ற இறக்கத்தோடு இறால்கள் வருவதும் போவதுமாக இருக்கும். நீரோட்டத்தில் கழிகளை ஊன்றி வலை கட்டுகிறவர்களுக்கு இடமே பெரும் பேறு. நல்ல இடத்தில் விழும் இறால் மட்டமான இடத்தில் விழாது. ஒருவருக்கு நிறைய இறால் கிடைத்தால் அது கைத்திறனா, இடத்தின் சிறப்பா? இந்த வழக்கைத் தீர்க்க இங்குள்ள மீனவர்கள் யாருடைய திறனையும் அளக்க முற்படவில்லை. 'பாடு' என்ற முறையைக் கைக்கொண்டார்கள். உரிமையுள்ளவர்கள் சீட்டுக் குலுக்கி இடங்களைப் பெறுவார்கள். பின்னர் இடங்கள் முறைவைத்துக் கைமாறும். இலங்கையில் நீர்கொழும்பு ஏரியிலும் கட்டுவலைக்கு இடம் ஒதுக்கக் குலுக்கல் முறை உண்டு.

பாட்டின் நோக்கம் அளப்பதன்று, பிழைப்பைப் பங்கிடுவது. ஆயினும் அதில் ஓர் அறிவியல் உண்மை பொதிந்திருக்கிறது. எல்லாரும் எல்லா இடங்களிலும் வலை கட்டி முடித்த பிறகு, இடத்தின் பங்கு ஏறக்குறைய எல்லாருக்கும் சமமாகிவிடும். அதற்குப் பின்னும் எஞ்சும் வேறுபாட்டைத்தான் திறன் என்று கொள்ள முடியும். இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1920-களில் ரொனால்டு ஃபிஷர் வயற்பாத்திகளுக்குக் குலுக்கல் முறையில் உரங்களை ஒதுக்கச் சொன்னதும் மண்ணின் பங்கையும் உரத்தின் பங்கையும் பிரித்தறியத்தான். பாடு முறையிலும் குறை உண்டு. உரிமையுள்ளவர்களுக்குள் மட்டுமே அது சமநீதி. உரிமை இல்லாத பிற குப்பத்தார் அதை எதிர்த்ததும் உண்டு.

கைப்பேசி ஆட்டத்திலும் 'இடம்' இருக்கிறது. ஒருவன் கையில் புதிய கருவி, வீட்டில் நல்ல இணைப்பு. இன்னொருவன் கையில் அண்ணன் தந்த பழைய கருவி, குப்பத்தில் விட்டு விட்டு வரும் அலைவரிசை. கண்ணால் கண்டதற்கு விரல் எதிர்வினை காட்ட மனிதனுக்கு ஏறத்தாழ கால் நொடி ஆகிறது. இணைப்பின் தாமதம் மேலும் 200 மில்லி நொடி எனில், அவன் எதிராளியைவிடக் கிட்டத்தட்ட இருமடங்கு மந்தமானவனாகத் தோன்றுவான். குறை அவன் மூளையில் இல்லை. அவனுக்கு வாய்த்த பாட்டில் இருக்கிறது. இந்தப் பாடு முறைவைத்து மாறுவதும் இல்லை. அவனுடைய புள்ளி அவனுடையது மட்டுமன்று; அவனும் கருவியும் இணைப்பும் தோழர்களும் சேர்ந்த கூட்டுத்தொகை.

அப்படியானால் தரப்புள்ளி பயனற்றதா? இல்லை. புதிதாக ஆடவந்தவரைத் தேர்ந்தவரோடு மோதவிடாமல் காப்பது அதுவே. சமமானவர்கள் மோதும்போதுதான் ஆட்டம் சுவைக்கும். முடிவிலிருந்து கிடைக்கும் செய்தியும் அப்போதுதான் மிகுதி. இணை சேர்ப்பது செம்மையாக நடந்தால், யாராயினும் பாதி ஆட்டங்களில் வென்று பாதியில் தோற்பார்கள். ஆகவே "எத்தனை ஆடியும் பாதிதான் வெல்கிறேன்" என்று சோர்ந்துபோக வேண்டாம். நீங்கள் முன்னேறும்போது எதிராளிகளும் வலியவர்களாகிறார்கள்.

செம்மையாக அளந்த எண்கூட எதிர்பார்ப்பே தவிர, தீர்ப்பன்று. 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடின் பொதுப்பிரிவில், தரப்புள்ளியில் முதலிடத்திலிருந்த அமெரிக்க அணி பதக்கமின்றித் திரும்பியது. தங்கம் உஸ்பெகிஸ்தானின் இளைஞர்களுக்குச் சென்றது. குகேஷும் பிரக்ஞானந்தாவும் ஆடிய இந்திய இரண்டாம் அணி வெண்கலம் பெற்றது.

என் வேண்டுகோள் இரண்டு. விளையாட்டுகளை உருவாக்குவோர் எண்ணோடு அதன் ஐயப்பாட்டையும் திரையில் காட்ட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பிழையளவு குறிக்காத அளவீட்டை நாம் ஏற்பதில்லையே! நீங்களோ, அணி சேரும்போது புள்ளியைப் பார்க்காமல் ஆட்களை மாற்றி மாற்றிச் சேருங்கள்.

இதைக் கேரம் பலகையில் செய்து பார்க்கலாம். நான்கு பேரை இருவர் இருவராகப் பிரிக்க மூன்றே வழிகள் உண்டு. மூன்று வழிகளிலும் ஆடுங்கள். யார் யாரோடு முதலில் சேர்வது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் அணி வென்ற புள்ளி வேறுபாட்டை மிகையாகவும், தோற்ற வேறுபாட்டைக் குறையாகவும் அவரவர் பெயரில் எழுதிக் கூட்டுங்கள். அந்தத் தொகையை நான்கால் வகுத்தால், நால்வரின் சராசரியைவிட அவர் எவ்வளவு மேலே அல்லது கீழே என்பதன் மதிப்பீடு கிடைக்கும். பல நாள்கள் ஆடி விடைகளை ஒப்பிடுங்கள். இன்றைய விடையும் நாளைய விடையும் எவ்வளவு மாறுகின்றன என்று கண்டபின், ஓர் எண்ணை வைத்து எந்த நண்பனையும் தள்ள உங்களுக்கு மனம் வராது.