5.8 நொடி சொல்லாத கணக்கு

"டீச்சர், அந்தக் கார் 0-100 எத்தனை நொடி?" நேர்க்கோட்டு இயக்கத்தை நடத்தும்போது வகுப்பில் கட்டாயம் வரும் கேள்வி இது. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்பதே அதன் பொருள். விளம்பரங்களும் காணொளிகளும் இந்த ஓர் எண்ணை வைத்துத்தான் காரை உயர்த்தியும் தாழ்த்தியும் பேசுகின்றன. பெரிய சொகுசு எஸ்யூவிகளைப் பொறுத்தவரை, அந்த எண் சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவதுதான் அதிகம் என்பது என் கருத்து. 16 வயதில் மோட்டார் சைக்கிள் உரிமமும் 17 வயதில் கார் உரிமமும் எடுக்கப்போகிற நீங்கள், சொல்லாமல் விட்ட பகுதியைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் விற்கப்படும் பிஎம்டபிள்யூ எக்ஸ்7 எக்ஸ்டிரைவ்40ஐ என்ற எஸ்யூவியை எடுத்துக்கொள்வோம். மூன்று வரிசை இருக்கைகள். நிறை ஏறக்குறைய 2,500 கிலோகிராம். எஞ்சின் 381 குதிரைத்திறன். நிறுவனம் தரும் 0-100 நேரம் 5.8 நொடி.

மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 27.8 மீட்டர். அதை 5.8 ஆல் வகுத்தால் சராசரி முடுக்கம் கிடைக்கும். மலாய்ப் பாடநூலில் நீங்கள் 'பெச்சுத்தான்' என்று படிப்பது இதைத்தான். விடை, நொடிக்கு நொடி 4.8 மீட்டர். இது புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறைய பாதி. விசை = நிறை × முடுக்கம் என்ற நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, அந்தக் காரை அப்படித் தள்ள சராசரியாக 12,000 நியூட்டன் விசை தேவை. இரண்டரை டன் இரும்பையும் அலுமினியத்தையும் இவ்வளவு விரைவாக நகர்த்துவது பொறியியலில் பெரிய சாதனை. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தச் சாதனையை அன்றாடம் யார் பயன்படுத்துகிறார்கள்? சமிக்ஞை விளக்கு பச்சைக்கு மாறுகிறது. கார் 10 நொடியில் மணிக்கு 50 கிலோமீட்டரை எட்டுகிறது. நகரச் சாலையில் இதுவே தாராளம். முடுக்கம் நொடிக்கு நொடி 1.4 மீட்டர், விசை 3,500 நியூட்டன். 50ஐத் தொடும் கணத்தில் காரின் வேகத்தைக் கூட்டுவதற்குச் செலவாகும் திறன் ஏறக்குறைய 49 கிலோவாட், அதாவது 66 குதிரைத்திறன். காற்றுத் தடை, டயர் உராய்வு எல்லாவற்றையும் சேர்த்தாலும் 381இல் நான்கில் ஒரு பங்கை எட்டாது. மீதிக் குதிரைகள் லாயத்தில் ஓய்வெடுக்கின்றன.

பக்கத்துத் தடத்தில் ஒரு பெரோடுவா மைவி 1.5 நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நிறை ஏறக்குறைய 1,000 கிலோகிராம். எஞ்சின் 103 குதிரைத்திறன். இரண்டும் ஒரே மாதிரி புறப்பட்டு ஒரே நேரத்தில் 50ஐ எட்ட, மைவிக்கு அதே கணத்தில் ஏறக்குறைய 26 குதிரைத்திறன் போதும். அதே தூரம், அதே நேரம். பெரிய காரின் இயக்க ஆற்றலோ இரண்டரை மடங்கு. அடுத்த சிவப்பு விளக்கில் அந்த ஆற்றலில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகப் போய்விடும்.

அப்படியென்றால் பெரிய காரை ஓட்டுவது ஏன் அவ்வளவு சுகமாக இருக்கிறது? இதற்கு 5.8 என்ற எண்ணில் பதில் இல்லை. முதல் காரணம், கார்ப் பிரியர்கள் 'டார்க்' என்று சொல்லும் முறுக்குவிசை. மைவியின் எஞ்சின் தன் உச்ச முறுக்குவிசையான 137 நியூட்டன் மீட்டரைத் தருவது நிமிடத்துக்கு 4,200 சுழற்சியில். டர்போ பொருத்திய பெரிய எஞ்சினோ 2,000 சுழற்சியை எட்டும் முன்பே அதைவிடப் பல மடங்கு தந்துவிடுகிறது. எனவே எக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தாலே கார் நகர்கிறது. எஞ்சின் கத்த வேண்டிய அவசியம் இல்லை. இரண்டாவது, நிலைமம். கனமான உடலைச் சாலையின் சிறு மேடு பள்ளங்களால் எளிதில் உலுக்க முடியாது. சுருள் கம்பிகளுக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் காரைத் தாங்குவதால் மிச்ச அதிர்வும் அடங்குகிறது. மூன்றாவது, எட்டு கியர்களும் மாறுவது தெரியாமல் மாறுகின்றன. நம் உடலுக்கு உறுத்துவது முடுக்கத்தைவிட, அது திடீரென்று மாறுவதுதான். பழைய பேருந்தில் நின்றுகொண்டு பயணம் செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆக, சொகுசு என்பது இயக்கத்தை உடலிடமிருந்து மறைக்கும் கலை. என் கவலையும் இங்கேதான் தொடங்குகிறது.

நம் உட்செவியில் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் உள்ளன. கார் முடுக்கும்போது அவை பின்தங்கி, அடியிலுள்ள நுண்மயிர்களை வளைக்கின்றன. மூளைக்குச் செய்தி போகிறது. வேகம் மாறாமல் நேராகச் சென்றால் அவை சும்மா இருக்கும். அதனால்தான் விமானத்தில் மணிக்கு 900 கிலோமீட்டரில் பறக்கும்போதும் நிம்மதியாகத் தூங்க முடிகிறது. வேகத்தை அறிய நாம் நம்பியிருப்பது காற்றின் இரைச்சல், எஞ்சின் ஓசை, அதிர்வு, கண்ணெதிரே ஓடும் சாலை ஆகியவற்றைத்தான். சொகுசு எஸ்யூவி முதல் மூன்றையும் அடக்கிவிடுகிறது. உயரமான இருக்கையிலிருந்து பார்ப்பதால் சாலையும் மெதுவாக நகர்வதுபோல் தோன்றுகிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110க்கும் 130க்கும் வித்தியாசம் தெரியாமல் போவது இப்படித்தான்.

உடலுக்குத் தெரியாவிட்டாலும் இயற்பியலுக்குத் தெரியும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 110இலிருந்து 130க்குப் போனால் வேகம் 18 விழுக்காடுதான் கூடுகிறது; ஆற்றலோ 40 விழுக்காடு கூடுகிறது. காய்ந்த சாலையில் நொடிக்கு நொடி 8 மீட்டர் வீதம் வேகம் குறைவதாகவும், ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆவதாகவும் கொள்வோம். 110இல் கார் நிற்க 89 மீட்டர் வேண்டும். 130இல் 118 மீட்டர். முதல் கார் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது கார் இன்னும் மணிக்கு 75 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்துகொண்டிருக்கும்.

"வேகமாக முந்திச் செல்ல முடிந்தால் ஆபத்து குறைவுதானே?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இருவழிக் கூட்டரசுச் சாலையில் லாரியை முந்தும்போது எதிர்த்தடத்தில் இருக்கும் நேரம் குறைவது நல்லதே. ஆனால் முந்துவது எளிது என்ற நம்பிக்கை, முந்தக் கூடாத இடத்திலும் முந்தத் தூண்டும். கணக்குத் தவறினால் என்ன ஆகும்? தலா 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்த எஸ்யூவியும் ஒரு மைவியும் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொள்வதாக வைத்து, உந்த அழியா விதியைப் போட்டுப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து எஸ்யூவி சென்ற திசையில் மணிக்கு 21 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். பெரிய காரின் வேக மாற்றம் 29. சின்னக் காரின் வேக மாற்றம் 71. பெரிய காரில் இருப்பவர் அனுபவிக்கும் பாதுகாப்பில் ஒரு பகுதி, சின்னக் காரில் இருப்பவரின் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது. மைவியின் இடத்தில் ஒரு கப்சாய் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். நம் நாட்டுச் சாலை மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிளில் செல்பவர்களுடையவை என்பதை நினைவில் வையுங்கள்.

பெரிய காரை வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உழைத்துச் சம்பாதித்தவர் வாங்கட்டும். பெரிய குடும்பத்துக்கு ஏழு இருக்கை தேவைதான். ஆனால் காரை மதிப்பிடும்போது எத்தனை நொடியில் 100 என்று கேட்பவர்கள், 100இல் அது சுமக்கும் ஆற்றல் எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். எக்ஸ்7க்கு விடை ஏறக்குறைய 965 கிலோஜூல், மைவிக்கு 386. அப்படிப்பட்ட காரை ஓட்டுபவர் உடலின் உணர்வை நம்பாமல் வேகமானியை நம்பிப் பழக வேண்டும்.

இந்த வார இறுதியில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலியைக் கைப்பேசியில் இறக்கி, அதில் புவியீர்ப்பு சேராத முடுக்க அளவீட்டைத் திறந்து வையுங்கள். அப்பாவோ அம்மாவோ வழக்கம்போல் கார் ஓட்டட்டும். நீங்கள் பயணியாக அமர்ந்து பதிவு செய்யுங்கள். கைப்பேசி நகராமல் இருப்பது முக்கியம். கிடைக்கும் மிகப் பெரிய முடுக்கத்தை 4.8உடன் ஒப்பிடுங்கள். பிறகு கார் சீரான வேகத்தில் செல்லும்போது முடுக்க வரைபடம் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். அது சுழியத்தை ஒட்டி நிற்கும், கார் 60இல் போனாலும் சரி, 110இல் போனாலும் சரி.