மகரந்தம் தூவிய கைகள்



செம்பனைக் காட்டில் குலை வெட்டியவர்களுக்கும், உதிரிப் பழம் பொறுக்கியவர்களுக்கும் அந்த மரத்தைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? ஆனாலும் அதன் பூவைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அதில் நம்மவர்களின் உழைப்பும் கலந்திருக்கிறது.

என்றும் பசுமை மாறாத இந்த மரத்தின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848-இல் நான்கே நான்கு கன்றுகள் ஜாவாவிலுள்ள போகோர் பூங்காவில் நடப்பட்டன. நம் நாட்டில் வாணிகத்திற்கென்று முதலில் நடப்பட்டது 1917-இல், சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில்.

செம்பனையில் ஒவ்வொரு மட்டையின் இடுக்கிலும் ஒரு பூங்கொத்து உருவாகும். ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில்தான். ஆனால் தனித்தனிக் கொத்துகளாக. சில காலம் ஆண் பூக்களாகவே வரும். பிறகு சில காலம் பெண் பூக்கள். ஆகவே ஒரு மரத்தின் பெண் பூவுக்குப் பெரும்பாலும் வேறொரு மரத்தின் மகரந்தம் வர வேண்டும். அந்தப் பெண் பூ அதை ஏற்கும் காலமோ இரண்டு மூன்று நாட்கள்தாம். அது தவறினால் குலையில் காய் பிடிக்காது.

ஆப்பிரிக்காவில் இந்தத் தூது வேலையைச் செய்வது ஒரு சிறு வண்டு. அரிசியில் பாதி அளவுதான் இருக்கும். ஆண் பூவின் சோம்பு மணத்தை நாடி வந்து, அதிலேயே முட்டையிட்டு வாழும். பெண் பூவிலும் அதே மணம் வீச, ஏமாந்து அங்கே போய் மகரந்தத்தை உதிர்த்துவிட்டுத் திரும்பும்.

மரம் இங்கே வந்தது. வண்டு கூட வரவில்லை! காற்றும் இங்குள்ள சிறு பூச்சிகளும் செய்தது போதவில்லை. அதனால் பல தோட்டங்களில் தொழிலாளர்களே ஆண் பூவிலிருந்து மகரந்தம் உதிர்த்து, முகப்பவுடர் போன்ற மாவில் கலந்து, மரம் மரமாகத் தேடிப் பெண் பூக்களின் மேல் ஊதினார்கள். எந்தப் பூ இன்று மலர்ந்தது, எது நாளை மலரும் என்று பார்த்தவுடன் சொல்லும் கண் அவர்களுக்கு இருந்தது. அதுவும் தாவரவியல்தான், பள்ளிக்கூடத்தில் படிக்காத தாவரவியல்.

1981-இல் கெமரூன் நாட்டிலிருந்து வந்த அந்த வண்டு இங்கே விடப்பட்டது. காய் நன்றாகப் பிடித்தது. தோட்டங்களுக்குச் செலவு குறைந்தது. கையால் மகரந்தம் தூவும் வேலையும் அதோடு மறைந்தது. அந்த வேலைக்குக் கிடைத்த கூலியும்தான்.

வண்டைப் பற்றிப் பாடநூல்கள் எழுதுகின்றன. அதற்கு முன் அந்த வேலையைச் செய்த கைகளைப் பற்றி யார் எழுதுவது? உங்கள் வீட்டுப் பாட்டியோ தாத்தாவோ அந்த வேலை செய்தவராக இருந்தால், இன்றே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளைகளையும் அழைத்து உட்கார வையுங்கள்.