சிறுநீரக நோயாளிக்கும் சேமியா உண்டு!

சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் முதலில் மாறுவது சமையல் அறைதான்.

"உப்பு ஆகாது. பருப்பு ஆகாது. வாழைப்பழம் ஆகாது. இளநீர் கூடவே கூடாது" என்று நீளமான பட்டியல் வந்து சேருகிறது. அதைப் பார்த்து மிரண்டுபோன வீட்டார், நோயாளிக்கு மட்டும் தனியாக ஒரு சட்டி வைக்கிறார்கள். அதில் சப்பென்று ஒரு கஞ்சி. மற்றவர்களுக்கு மணக்க மணக்கச் சாப்பாடு.

நாலு நாள் பொறுப்பார் நோயாளி. ஐந்தாம் நாள், யாரும் பார்க்காத நேரத்தில் ஊறுகாய் ஜாடியைத் திறப்பார்.

குற்றம் அவருடையது மட்டும்தானா? வாயில் வைக்க முடியாததைச் சாப்பாடு என்று கொடுத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

பத்தியம் என்றால் பட்டினி அல்ல. தண்டனையும் அல்ல. பக்குவமாகச் சமைத்தால், நோயாளியும் வீட்டாரோடு உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடலாம். அதற்குச் சேமியா ஒரு நல்ல உதாரணம்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு?

நல்ல சிறுநீரகம் ரத்தத்தில் உள்ள கழிவையும், மிஞ்சிய உப்பையும், மிஞ்சிய தண்ணீரையும் வெளியேற்றுகிறது. அது பழுதானால் மூன்றும் உடம்பிலேயே தங்கிவிடும்.

உப்பு மிஞ்சினால் தாகம் எடுக்கும். தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்கத் தோன்றும். குடித்த தண்ணீர் வெளியேறாமல் கால் வீங்கும், மூச்சு முட்டும். மதுரைச் சித்திரை வெயிலில் இந்தத் தொல்லை இரட்டிப்பு ஆகும்.

பொட்டாசியம் என்று இன்னொரு சத்து இருக்கிறது. இளநீர், வாழைப்பழம், தக்காளி, உருளைக்கிழங்கு, கீரை, முருங்கை எல்லாவற்றிலும் அது நிறைய உண்டு. மற்றவர்களுக்கு அது நல்லது. ஆனால் சிறுநீரகம் பழுதானவரின் ரத்தத்தில் அது அளவுக்கு மீறினால், இதயமே திடீரென்று நின்றுவிடலாம். டாக்டர்கள் கண்டிப்பாக இருப்பது இதனால்தான்.

இத்தாலி கண்ட வழி

டயாலிசிஸ் எந்திரம் அரிதாக இருந்த காலம் அது. இத்தாலி நாட்டில் 1963-ல் ஜியோர்டானோ என்பவரும், 1964-ல் ஜியோவன்னெட்டி, மஜ்ஜோரே என்ற இருவரும் உணவாலேயே நோயாளிகளின் துன்பத்தைக் குறைக்க முயன்றார்கள். புரதத்தை வெகுவாகக் குறைத்தார்கள். கொடுத்த கொஞ்சத்தையும் முட்டை போன்ற உயர்ந்த புரதமாகக் கொடுத்தார்கள்.

ஆனால் இத்தாலியர் பாஸ்தா இல்லாமல் இருப்பார்களா? நமக்குச் சோறு எப்படியோ, அவர்களுக்குப் பாஸ்தா அப்படி. ஆகவே புரதத்தை நீக்கி, வெறும் மாவுச்சத்தைக் கொண்டே நோயாளிகளுக்கென்று பாஸ்தா செய்தார்கள். இன்றும் அங்கே அது வழக்கத்தில் இருக்கிறது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அவர்கள் நோயாளியின் தட்டிலிருந்து பாஸ்தாவைப் பிடுங்கவில்லை. பாஸ்தாவை நோயாளிக்கு ஏற்றபடி மாற்றினார்கள்.

நம் ஊர்ச் சரக்கு

நமக்கும் சரக்குக்குப் பஞ்சம் இல்லை. பக்கத்துத் திண்டுக்கல்லில் சேமியா ஆலைகள் இருக்கின்றன. சேலத்து ஜவ்வரிசி எல்லா மளிகைக் கடையிலும் கிடைக்கிறது. மரவள்ளிக் கிழங்கை அரைத்து, தண்ணீரில் கழுவி எடுத்த மாவில் செய்வதால், ஜவ்வரிசியில் புரதமும் பொட்டாசியமும் மிகக் குறைவு.

வெள்ளைச் சேமியா, இடியாப்பம், சாதாரண பாஸ்தா ஆகியவற்றிலும் கேழ்வரகையும் முழுக் கோதுமையையும் விடப் பொட்டாசியம் குறைவு. கேழ்வரகு நல்ல தானியம்தான். ஆனால் ஊருக்கெல்லாம் நல்லது இந்த நோயாளிக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்பது இல்லை.

கெடுதல் சேமியாவில் இல்லை. அதோடு சேருவதில் இருக்கிறது. முந்திரியும் கடலைப்பருப்பும் அள்ளிப் போடுகிறோம். உருளைக்கிழங்கும் தக்காளியும் சேர்க்கிறோம். ஓட்டல் பாஸ்தாவில் தக்காளிச் சாறு அல்லது பாலும் பாலாடைக்கட்டியும். உடனடி நூடுல்ஸ் பொட்டலத்தில் உள்ள மசாலாவிலோ உப்பு கொட்டிக் கிடக்கிறது. அதை நோயாளி தொடவே வேண்டாம்.

செய்யும் முறை

சேமியாவைவிட ஆறு மடங்கு தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். சேமியாவைப் போட்டு, வெந்ததும் சோறு வடிப்பதுபோல வடித்துவிடுங்கள். பாஸ்தாவுக்கும் இதே முறைதான்.

முட்டைக்கோஸ், சௌசௌ, சுரைக்காய் ஆகியவற்றில் ஒன்றைப் பொடியாக நறுக்குங்கள். நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். காயில் உள்ள பொட்டாசியத்தில் ஒரு பகுதி அதோடு போய்விடும். அந்தத் தண்ணீரை ரசத்தில் சேர்த்துவிட்டால் செய்த வேலை வீண்.

எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி, பச்சை மிளகாய், கொஞ்சம் வெங்காயம் தாளித்து, காயையும் சேமியாவையும் போட்டுக் கிளறுங்கள். இறக்கியபின் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். புளிப்பும் காரமும் இருந்தால் உப்புக் குறைந்தது நாக்குக்குத் தெரியாது. பாஸ்தாவாக இருந்தால் பூண்டும், குடமிளகாயும், மிளகுத்தூளும் போதும்.

உப்பைக் கையால் அள்ளிப் போடாதீர்கள். ஒருவருக்குக் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். நல்ல உடம்பு உள்ளவருக்கே நாள் முழுவதும் 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு இருக்கவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் யோசனை.

"சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதை வாங்கிவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் கலந்திருக்கும். இந்துப்பும் உப்புத்தான். மதுரை அப்பளத்திலும் உப்போடு அப்பளக்காரம் சேர்ந்திருக்கிறது.

கவனம் தேவை

எல்லா நோயாளிக்கும் ஒரே பத்தியம் கிடையாது. சிலருக்குப் பொட்டாசியத்தைக் குறைக்கவே தேவை இருக்காது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

டயாலிசிஸ் தொடங்காதவருக்குப் புரதத்தை அளவாகக் கொடுப்பார்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கோ புரதம் கூடுதலாக வேண்டும். அவருக்குச் சேமியாவோடு இரண்டு முட்டையின் வெள்ளைக் கருவைக் கிளறிக் கொடுக்கலாம். பழைய பத்தியத்தையே பிடித்துக்கொண்டு அவரை மெலிய விடுவது பெரிய தவறு.

சிறுநீரக நோய்க்கு நீரிழிவு ஒரு முக்கியக் காரணம். சேமியாவும் ஜவ்வரிசியும் சர்க்கரையை ஏற்றும். ஆகவே நீரிழிவு உள்ளவருக்குச் சேமியா பாதி, காய் பாதி. சேமியா பாயசம் குடித்தால், அதையும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரே அடுப்பு, ஒரே சமையல்

மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். டயாலிசிஸ் ஒரு தடவைக்குச் சுமார் 4 மணி நேரம் ஆகும். முடிந்ததும் பசி வயிற்றைக் கிள்ளும். எதிரே பரோட்டாவும் சால்னாவும் மணக்கும். ஜிகர்தண்டாக் கடை அழைக்கும். கையில் ஒரு டப்பா சேமியா இருந்தால் மனம் அங்கே போகாது. வீட்டார் செய்யவேண்டிய உதவி அது.

இன்னொன்றும் செய்யலாம். வீடு முழுவதற்குமே உப்பைக் குறைத்துச் சமைக்கலாம். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் நாளை ரத்தக்கொதிப்பு வராமல் இருக்க அது உதவும். ரத்தக்கொதிப்பே சிறுநீரகத்தைக் கெடுக்கும் இன்னொரு பகைவன். காயை வடிப்பது மட்டும் நோயாளியின் பங்குக்குப் போதும்.

மருந்தை டாக்டர் கொடுப்பார். எந்திரத்தை ஆஸ்பத்திரி கொடுக்கும். எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிற சந்தோஷத்தை வீட்டார்தான் கொடுக்க முடியும்.